கூர் சன்னல் இருந்தால் போர்த்துக்கேயர் காலமா?

மட்டக்களப்பில் ஒரு வீட்டு வளவில் இருக்கும் சிற்றாலயத்தின் சன்னல்கள் மேலே கூராக முடிவதால், இது போர்த்துக்கேயர் கட்டிய 400 வருடக் கட்டடம் என்று ஒரு தம்பி இணையத்தில் எழுதியிருக்கிறார். பலர் பகிர்ந்தும் விட்டார்கள். தம்பி, கோபிக்க வேண்டாம், சன்னல் வடிவத்தை வைத்து அப்படிச் சொல்ல முடியாது.

மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயர் கட்டியது 1628இல். 1638இலேயே அது ஒல்லாந்தர் கைக்குப் போய்விட்டது, அதாவது கோட்டை அவர்களிடம் இருந்தது பத்து வருடம்தான். கூர் வளைவுகள் இலங்கைத் தேவாலயங்களில் பரவியது ஆங்கிலேயர் காலத்தில், 19ஆம் நூற்றாண்டில். கூர் வளைவுகள் கொண்ட ஐரோப்பாவின் பழைய கோதிக் பாணியை ஆங்கிலேயர் மறுபடி விரும்பிக் கட்டிய காலம் அது.

சரி, எப்படிப் பார்ப்பது? வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு, வளைவுக்குப் பக்கத்தில் பூச்சு உதிர்ந்த இடத்தைப் பாருங்கள். கற்களுக்கு நடுவே இருப்பது சீமெந்தா, சுண்ணாம்புச் சாந்தா? இன்று நாம் பாவிக்கும் வழக்கமான சீமெந்தான போர்ட்லாந்து சீமெந்துக்குக் காப்புரிமை எடுத்ததே 1824இல்தான். ஆகவே வளைவு முழுவதும் சீமெந்தில் கட்டப்பட்டிருந்தால் போர்த்துக்கேயர் பேச்சுக்கே இடமில்லை. பிறகு பூசித் திருத்திய இடத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். சுண்ணாம்பாக இருந்தாலும் அவசரப்பட வேண்டாம், ஆங்கிலேயர் காலத்திலும் அதையே பாவித்தார்கள். அப்போது பழைய காணி உறுதியைத்தான் பார்க்க வேண்டும்.