நியூட்டுகளின் கதையை ஹிட்லரோடு முடித்துவிடாதீர்கள்

செக் எழுத்தாளர் கரேல் சாப்பெக்கின் 'வார் வித் தி நியூட்ஸ்' நாவலைப் பற்றிப் பேச்சு வந்தாலே பலரும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்: நாஜிகளைப் பகடி செய்த அறிவியல் புனைகதை. 1936இல் பிராக் நகரில் வெளிவந்த புத்தகம், பக்கத்து நாட்டில் ஹிட்லர், ஆகவே நியூட் என்றால் நாஜி. அவ்வளவுதானாம். எனக்கு இது அந்த நாவலுக்குச் செய்யும் அநியாயமாகப் படுகிறது.

படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுமத்ராவுக்கு மேற்கே ஒரு தீவில் வான் டோக் என்ற கப்பல் கேப்டன் முத்து தேடிப் போகிறார். அங்கே ஒரு குடாவில் பத்து வயதுப் பிள்ளை உயரத்துக்கு, இரண்டு காலில் நிற்கும் ஒருவகை சாலமாண்டர்களை, அதாவது பல்லி போன்ற நீர்நில உயிர்களைப் பார்க்கிறார். அவற்றைத்தான் நியூட் என்கிறார்கள். சுறாவிடமிருந்து தப்பிக்க அவற்றுக்குக் கத்தி கொடுக்கிறார், அவை சிப்பி எடுத்துத் தருகின்றன. கேப்டனுக்கு அவற்றின் மேல் உண்மையிலேயே பாசம். பிராகில் போண்டி என்ற தொழிலதிபரைப் பார்த்து முதல் போட வைக்கிறார்.

நாவலின் உயிர் என்று நான் நினைப்பது போர் அல்ல, கேப்டன் இறந்த பிறகு நடக்கும் பங்குதாரர் கூட்டம். முத்து குவிந்து விலை சரிந்துவிட்டது. போண்டி எழுந்து, முத்தை விடுங்கள், இனி நியூட்டுகளின் உழைப்பையே விற்கலாம் என்கிறார். அணை, துறைமுகம், புதிய நிலப்பரப்பு என்று கடலுக்கடியில் செய்ய வேண்டிய வேலைக்கா பஞ்சம்? அந்த அறையில் கொடூரன் என்று ஒருவரையும் கைகாட்ட முடியாது. லாபநஷ்டம் பார்க்கிறார்கள், கையைத் தூக்குகிறார்கள், தீர்மானம் நிறைவேறுகிறது. அப்புறம் சந்தை வந்துவிடுகிறது. நியூட்டுகளைத் தரம் பிரிக்கிறார்கள்: லீடிங், ஹெவி, டீம், ஆட் ஜாப்ஸ், ட்ராஷ், ஸ்பான். மற்றவற்றை மேய்க்கப் பழக்கியது லீடிங், அதன் விலைதான் அதிகம். நலிந்தவை எல்லாம் ட்ராஷ், அவற்றை மொத்தமாக அள்ளித்தான் விற்பார்கள். குஞ்சுகள் ஸ்பான். இதையெல்லாம் சாப்பெக் ஒரு வணிக அறிக்கையின் நடையில், குரலை உயர்த்தாமல் எழுதிக்கொண்டே போகிறார். எந்த நியூட்டையும் வெறுக்காமலே இவ்வளவையும் செய்ய முடிகிறது என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நாஜிப் பகடி இல்லை என்று நான் சொல்லவில்லை. பால்டிக் கடலில் வளரும் நியூட்தான் தூய இனம், மேன்மையான இனம் என்று நிறுவும் ஜெர்மன் அறிஞர் வருகிறார். நியூட்டுகளின் தலைவன் உண்மையில் மனிதன்தான், முதல் உலகப் போரில் இருந்த ஒரு பழைய ராணுவக்காரன் என்று கடைசியில் தெரிகிறது. எல்லாம் சரி. ஆனால் நியூட்டுகளுக்கு ஆயுதம் கொடுத்தது யார்? கடற்கரை உள்ள எல்லா நாடுகளும்தான். ஹிட்லர் என்ற ஒரே பெயரை ஒட்டிவிட்டால் மற்ற எல்லாரும் தப்பிவிடுகிறார்கள்.

வாழ இடம் போதாமல் நியூட்டுகள் கரைகளை உடைத்துக் கடலாக்கத் தொடங்கியபின், அவற்றோடு சமரசம் பேச வடூஸ் நகரில் நடக்கும் மாநாட்டைப் பாருங்கள். ஐரோப்பியக் கரைகளைக் காப்பாற்ற, சீனாவின் நடு மாகாணங்களை நியூட்டுகளுக்குக் கொடுத்துவிடலாம் என்று ஒரு யோசனை வருகிறது. சீனப் பிரதிநிதி எழுந்து பேசுகிறார், அவர் பேசியது யாருக்கும் புரியவில்லை. நாவல் வந்து இரண்டே வருடத்தில், 1938 செப்டம்பரில், மியூனிக்கில் சாப்பெக்கின் சொந்த நாட்டையே கூறு போட்டார்கள். பேசியவர்கள் ஜெர்மனி, இத்தாலி, பிரிட்டன், பிரான்ஸ். செக்கோஸ்லோவாக்கியாவுக்கு அந்த மேசையில் இடமில்லை. அதே ஆண்டு டிசம்பர் 25 அன்று சாப்பெக் இறந்துபோனார்.

இந்த நாவல்மேல் சொல்லப்படும் இன்னொரு குறை, இதில் கதாபாத்திரமே இல்லை, நடுப்பாகம் முழுக்கப் பத்திரிகைச் செய்திகளும் அடிக்குறிப்புகளுமாக இருக்கிறது என்பது. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒரு அடிக்குறிப்பில் ஹான்ஸ் என்ற நியூட் வருகிறது. ஆய்வகத்தில் உதவியாளனாக வேலை பார்த்தது, புத்திசாலி, மாலை நேரங்களில் விஞ்ஞானிகளோடு உட்கார்ந்து பேசும், எதையும் தெரிந்துகொள்ளும் ஆசை அதற்கு. மண்டையைத் திறந்து செய்த சோதனையில் பார்வை போய்விட்டதால் அதைக் கொல்கிறார்கள். பிறகு, நியூட் இறைச்சி உண்ணத் தக்கதா என்று பார்க்க அதையே சமைத்துச் சாப்பிட்டு, போர்க்காலத்தில் மாட்டிறைச்சிக்கு மலிவான மாற்றாகும் என்று எழுதி வைக்கிறார்கள். இதற்கு ஒரு அத்தியாயம் ஒதுக்கி, ஹான்ஸை அழ வைத்து, நம்மையும் அழ வைத்திருந்தால் இந்த வலி வந்திருக்காது. அவனுக்கு அந்த உலகத்தில் கிடைத்த இடமே அந்த அடிக்குறிப்புதான். (எழுதும்போதே 'அவன்' என்று வந்துவிட்டது, அப்படியே இருக்கட்டும்.)

ஆனால் ஒரு குறையை நானே அழுத்திச் சொல்வேன். தொடக்கத்தில் கேப்டனுக்காகக் கடலில் குதிப்பவர்கள் சிங்கள முத்துக்குளிப்பவர்கள். அவர்களுக்குப் பெயர் கிடையாது. கேப்டனின் வசவும், பேய் என்று அலறி மேலே வரும் பயமும்தான் அவர்களுக்குக் கிடைத்த பங்கு. காலனியப் பார்வையைப் பகடி செய்யத்தான் அப்படி எழுதினார் என்று வாதாடலாம். பாதி உண்மை. நிஜத்தில் இலங்கையை ஒட்டிய மன்னார் சலாபத்தில், அதாவது முத்துக்குளிப்பில், தமிழரும் முஸ்லிம்களும் அரபிகளும் முங்கினார்கள். கயிற்றில் கட்டிய கல்லில் கால் ஊன்றி இறங்குபவனின் மூச்சு மேலே கயிறு பிடிக்கும் ஆளின் கையில் இருந்தது. மந்திரம் சொல்லிச் சுறா வாயைக் கட்ட 'கடல்கட்டி' என்று தனியாக ஒருவருக்குப் பங்கு கொடுத்தார்கள். இவ்வளவு பெரிய தொழில் அறிவு உள்ள மனிதர்களில் ஒருவரைக்கூட சாப்பெக் உள்ளிருந்து பார்க்கவில்லை. நியூட்டுக்கு இரங்கத் தெரிந்த பேனா, அதே கடலில் அதே வேலையைச் செய்த மனிதனிடம் ஏன் நிற்கவில்லை? மலிவான உழைப்பைப் பற்றிய நாவல் என்பதால்தான் இந்த இடம் எனக்கு இன்னும் அதிகமாக உறுத்துகிறது. இதைப் பற்றி விமர்சகர்கள் ஹிட்லரைப் பற்றிப் பேசுவதில் பாதியாவது பேச வேண்டும்.

படிக்கப் போகிறவர்களுக்கு ஒரே வேண்டுகோள்: இரண்டாம் பாகம் இழுக்கிறது என்று தாண்டிப் போகாதீர்கள். பொடி எழுத்தில் இருப்பதையும் சேர்த்துப் படியுங்கள்.