தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசாதீங்க

"நம்ம நாடே சூடு, தெர்மோஸ்டாட் எதுக்கு? கழற்றிட்டா இஞ்சின் குளுகுளுன்னு ஓடும்"னு மேலே எழுதின அண்ணே, அது தப்பு. காடி (கார்) இஞ்சின் சூடாகுற வரைக்கும் கூலண்டை, அதாவது இஞ்சினைக் குளிர வைக்கிற தண்ணியை, ரேடியேட்டருக்குப் போகவிடாம அடைச்சு வைக்கிற வால்வுதான் தெர்மோஸ்டாட். கூலண்ட் 80, 90 டிகிரிக்கு ஏறாட்டி, இஞ்சின் இன்னும் சூடாகலைன்னு நினைச்சு காடியோட கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலா ஊத்தும். பிளக் கறுக்கும், இஞ்சின் எண்ணெயில பெட்ரோல் கலக்கும். தோட்டத்துல இருந்து தாப்பா டவுனுக்குப் போய் வர்ற குட்டி ஓட்டத்துக்கு இன்னும் மோசம். நம்மூர் காடியில ஹீட்டரை யாரும் போடுறதில்ல, அதனால ஹீட்டர் சரியா சூடாகலைங்கிறதை வச்சு கோளாறு சீக்கிரம் தெரியாது.

டாஷ்போர்டுல இஞ்சின் சூட்டைக் காட்டுற முள் ஏறலையா? காலையில ஆறின இஞ்சினைக் கிளப்பி, தெர்மோஸ்டாட் இருக்கிற பக்கத்து ரேடியேட்டர் ஹோஸைத் தொட்டுப் பாருங்க. ஃபேன்ல கை படக்கூடாது. சில நிமிஷம் சில்லுன்னு இருந்துட்டு சட்டுன்னு சுடணும். ஆரம்பத்துலேயே வெதுவெதுன்னு ஏறினா வால்வு திறந்தபடியே சிக்கியிருக்கு. ஹோஸ் ஒழுங்கா இருந்தும் முள் கீழேயே கிடந்தா, சூட்டை அளக்கிற சென்சாரைப் பாருங்க.