டிபி முடிந்த பிறகு வரும் ரத்தம்

மாத்திரை முடிந்து, சளியில் கிருமி இல்லை என்று தெரிந்ததும் டிபி நோயாளியை "குணமாகிவிட்டது" என்று அனுப்பிவிடுகிறோம். கிருமி போனது சரி, அது அரித்துவிட்டுப்போன நுரையீரல்? அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பல வருடம் கழித்து இருமலில் ரத்தம் வந்தால், சளியைக்கூடச் சோதிக்காமல் மறுபடி டிபி மருந்தைத் தொடங்குவது எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லாத பழக்கம். டிபி திரும்பியிருக்கலாம்தான், சோதித்துப் பார்க்கட்டும். ஆனால் கிருமியே இல்லாமலும் ரத்தம் வரும்.

நுரையீரலுக்கு ரத்தம் இரண்டு வழியில் போகிறது. ஒன்று இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து குறைந்த அழுத்தத்தில் வரும் பெரிய நுரையீரல் தமனி. இன்னொன்று, உடலெங்கும் ரத்தம் கொண்டுபோகும் மகாதமனியிலிருந்து பிரியும் மெல்லிய மூச்சுக்குழாய்த் தமனிகள். இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஏறக்குறைய 1 சதவீதம்தான் இவற்றில் ஓடும். டிபி தழும்பிலும் குழியிலும் முதல் வழி அடைபட, இரண்டாவது வழி வீங்கி முறுக்கிக்கொள்கிறது. அழுத்தமோ அதிகம், சுவரோ மெலிவு. ஒருநாள் உடைகிறது. இருமலில் ரத்தம் பெருக்கெடுப்பவர்களில் 90 சதவீதம் பேருக்கு மூலம் இந்தத் தமனிகள்தான். அபூர்வமாக, குழியின் சுவரில் நுரையீரல் தமனியே புடைத்து உடையும். 1868இல் விவரித்தவரின் பெயரால் அதற்கு ராஸ்முசென் அனியூரிசம் என்று பெயர்.

இதற்கு நெஞ்சைத் திறக்க வேண்டியதில்லை. ரத்தம் கொட்டும்போது நுரையீரலை வெட்டியெடுப்பது ஆபத்தான வேலையும்கூட. முதலில் ரத்தக்குழாய்களைக் காட்டும் சிடி ஆஞ்சியோ ஸ்கேன் எடுத்து எந்தக் குழாய் என்று பார்ப்பார்கள். அப்புறம் தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ மரத்துப்போக ஊசி போட்டு, கதீட்டர் என்ற மெல்லிய பிளாஸ்டிக் குழலை அந்த ரத்தக்குழாய் வரை செலுத்தி, மணல் போன்ற சன்னமான துகள்களால் அடைப்பார்கள். இதுதான் எம்போலைசேஷன். 1970களிலிருந்தே இருக்கிறது. ராஸ்முசென் வகைக்கு மட்டும் பாதை வேறு: சிரை வழியாகப் போய்ச் சுருள்கம்பி வைப்பார்கள். தண்டுவடத்துக்குப் போகும் கிளை பக்கத்தில் இருந்தால் கால் செயலிழக்கும் அபாயம் உண்டு. அரிதுதான், ஆனாலும் கையெழுத்து வாங்கும் முன் சொல்லியாக வேண்டும்.

ரத்தம் அன்றைக்கே நின்றுவிடுவதால் "தீர்ந்தது" என்று நம்பிவிடுகிறார்கள். தீராது. தழும்பு இருக்கும்வரை புதுக் குழாய்கள் முளைக்கும். குழிக்குள் பூஞ்சை உருண்டை இருந்தால் ரத்தம் திரும்ப வர வாய்ப்பு இன்னும் அதிகம். அடுத்த முறை எங்கே ஓட வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுத்தால்தான் அந்தச் சிகிச்சை முழுமை.

இன்னொன்று, எந்தப் பக்க நுரையீரல் கெட்டிருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும். ரத்தம் கொட்டினால் அந்தப் பக்கம் கீழே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்க வைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். மூச்சுக்குழாய்கள் மொத்தமும் நிரம்ப ஏறக்குறைய 150 மில்லி போதும். உயிர் போவது பெரும்பாலும் மூச்சு அடைத்துத்தான்.