டிம் கெய்னைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை

2025 நவம்பர் 12ஆம் தேதி, அமெரிக்காவில் 43 நாள் அரசு முடக்கம் ஒருவழியாக முடிந்தது. நிதி மசோதா நிறைவேறாததால் அரசு அலுவலகங்களுக்குப் பூட்டு விழுவதுதான் முடக்கம். அன்றிலிருந்து எங்கள் வர்ஜீனியா தமிழ் வாட்ஸ்அப் குழுவில் செனட்டர் டிம் கெய்னுக்கு விழாத வசவு இல்லை. முடக்கத்தை முடிக்க, டிரம்பின் குடியரசுக் கட்சியோடு சேர்ந்து வாக்களித்த ஜனநாயகக் கட்சித் தரப்பின் எட்டுப் பேரில் அவரும் ஒருவர். துரோகி, முதுகெலும்பு இல்லாத ஆள், இன்னும் என்னென்னவோ. எங்களுடைய இன்னொரு செனட்டர் மார்க் வார்னர் எதிர்த்து வாக்களித்தார். அவருக்கு மாலை மரியாதை.

2025 டிசம்பரோடு முடியவிருந்த கூடுதல் மருத்துவக் காப்பீட்டு மானியத்தை நீட்டிக்க வேண்டும் என்று கேட்டுத்தான் கெய்னின் கட்சி நிதி மசோதாவைத் தடுத்தது. அந்தக் கோரிக்கையில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. மானியம் நின்றால் பிரீமியம் எகிறும். ஆனால் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்த பிறகு கெய்னைத் திட்ட முடியவில்லை.

அவருக்கு விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனை வேலை. ‘அத்தியாவசியப் பணியாளர்’ என்று பெரிய பெயர். சம்பளம் வராது, வேலைக்கு மட்டும் வந்தாக வேண்டும் என்பதுதான் அதற்குப் பொருள். விடிகாலை மூன்றரைக்கு அவர் கார் கிளம்பும் சத்தம் அக்டோபர் முழுக்க ஒரு நாளும் தவறவில்லை. மாதக் கடைசியில் குப்பைத்தொட்டியை இழுத்துக்கொண்டு வந்தவர், நின்று போனை நீட்டினார். சம்பளச் சீட்டு. கடைசிக் கட்டத்தில் சைபர். சிரித்துக்கொண்டேதான் காட்டினார். எனக்குத்தான் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

சரி, இப்படிப் பூட்டுப்போட்டு யாராவது கேட்டதை வாங்கியிருக்கிறார்களா? 1995இல் அதிபர் கிளின்டனோடு மோதிய குடியரசுக் கட்சி சபாநாயகர் கிங்ரிச், அதிபரின் விமானத்தில் பின்வாசல் வழியாக இறங்கவைத்தார்கள் என்று புலம்பிப் பத்திரிகைகளில் கேலிப்பொருளானதுதான் மிச்சம். 2013இல் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை முடக்கக் குடியரசுக் கட்சியினர் 16 நாள் மூடினார்கள், அந்த ஒபாமாகேர் அப்படியேதான் நின்றது. 2018 டிசம்பரில் எல்லைச்சுவருக்கு 570 கோடி டாலர் கேட்டு டிரம்ப் பிடித்த பிடி 35 நாள். கையெழுத்தானது 137.5 கோடிக்கு. அதற்கு முன்பே செனட் குழுவின் மசோதாவில் 160 கோடி இருந்தது! அந்த முறை முடித்துவைத்தது தலைவர்களும் இல்லை. விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் சிலர் உடம்பு சரியில்லை என்று வீட்டில் இருந்துவிட, நியூயார்க் லகார்டியாவுக்கு வர வேண்டிய விமானங்கள் நின்றன. அன்றைக்கே சமரசம் வந்துவிட்டது.

1980க்கு முன்னால் நிதி ஒதுக்கீடு தாமதமானாலும் அலுவலகங்கள் பாட்டுக்கு நடந்தன. அட்டர்னி ஜெனரல் சிவிலெட்டி ஒரு பழைய சட்டத்துக்குக் கொடுத்த விளக்கத்தில் பிறந்ததுதான் இந்தப் பூட்டு. இந்தியாவில் பட்ஜெட் தோற்றால் ஆட்சியே போய்விடும், அதனால் ஆள்கிறவர்களுக்குப் பயம் இருக்கிறது. இங்கே எம்.பி.க்களின் சம்பளத்தில் ஒரு சென்ட் குறையாது. அப்புறம் எதற்கு இறங்கி வருவார்கள்?

கெய்ன் வெறுங்கையோடு வரவில்லை. முடக்கத்தின்போது வேலையைவிட்டுத் தூக்கப்பட்டவர்களைத் திரும்பச் சேர்க்க வேண்டும் என்று எழுதி வாங்கினார். மானியத்துக்கு வாக்கெடுப்பு என்ற உறுதியும் கிடைத்தது. டிசம்பரில் அது நடந்து, நூறு பேர் கொண்ட செனட்டில் தேவையான 60 வாக்கு கிடைக்காமல் தோற்றது. ‘பார்த்தாயா’ என்று குழுவில் எனக்கு நாலு பேர் செய்தி அனுப்பினார்கள். பார்த்தேன். இன்னும் 20 நாள் இழுத்திருந்தால் அந்த 60 எங்கிருந்து வந்திருக்கும் என்று கேட்டேன், இன்னும் பதில் இல்லை.

பக்கத்து வீட்டுக்காரருக்கு நிலுவைச் சம்பளம் மொத்தமாக வந்துவிட்டது. கிரெடிட் கார்டு வட்டியை மட்டும் யாரும் தரவில்லை. அந்தச் சமரசத்தில் அவர் துறைக்கு நிதி கிடைத்தது 2026 ஜனவரி 30 வரைக்கும்தான். இப்போது சனி, ஞாயிறுகளில் ஊபர் ஓட்டுகிறார்.