நன்றி: இணையம்

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. பாய் விரித்த மரக்கலம் ஒன்று, கரையில் நாலைந்து பேர். கீழே மஞ்சள் எழுத்தில் '1890இல் தொண்டியிலிருந்து ரங்கூனுக்குப் புறப்படும் நகரத்தார் பாய்மரக் கப்பல்' என்று போட்டிருந்தார்கள். வலது மூலையில் ஏதோ ஒரு பாரம்பரியப் பக்கத்தின் முத்திரை. நகரத்தார் என்றால் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், எங்கள் ஆட்கள். அனுப்பியவர் பெரியப்பச்சி. நான் பார்ப்பதற்குள் பதினேழு பேர் 'நம் பெருமை' என்று எழுதிக் கைகூப்பிவிட்டார்கள்.

எனக்குக் கைகூப்பத் தோன்றவில்லை. படத்தின் இடது ஓரத்தில் ஒரு மடிப்பு, அதன் மேல் பிறை வடிவில் ஒரு காப்பிக் கறை. அந்தக் கறை எனக்கு நாற்பது வருடப் பழக்கம். தேவகோட்டையில் எங்கள் பெரிய வீட்டின் வளவில் எங்கள் புள்ளிக்கு (பங்குள்ள குடும்பத்துக்கு) வந்த அறையில், தகரப் பெட்டிக்குள் ஐயா, அதாவது என் தாத்தா, வைத்திருந்த படம் அது. மலேயாவில் பெட்டியடிப் பையனாக (கடையில் எடுபிடியாக) தொடங்கியவர் ஐயா. ஊர் திரும்பிய பிறகு சில வருடம் தூத்துக்குடியில் வெங்காயமும் மிளகாயும் கொழும்புக்கு அனுப்பும் கடை ஒன்றில் கணக்குப் பார்த்தார். அங்கே கிடைத்த படம். பின்பக்கத்தில் அவர் கையெழுத்தில், பென்சிலில், 'தூத்துக்குடி, 1962 தை. கொழும்பு போகும் தோணி. படம் எடுத்துக் கொடுத்தவர்' என்று எழுதி, அடுத்து ஒரு பெயர். பாதி அழிந்துவிட்டது.

ஆக, தூத்துக்குடி தொண்டியாகிவிட்டது. 1962 என்பது 1890 ஆகிவிட்டது. கொழும்பு ரங்கூனாகி, மிளகாய் மூட்டை ஏற்றிய தோணி நகரத்தார் கப்பலாகிவிட்டது. எழுபத்திரண்டு வருடத்தையும் வங்கக் கடலையும் ஒரே தாவலில் கடந்த தோணி இதுவாகத்தான் இருக்கும்.

அந்தப் பக்கத்துக்குப் பணிவாகவே எழுதினேன். இரண்டு மணி நேரத்தில் பதில் வந்தது. 'பழைய படங்கள் பொதுச்சொத்து ஐயா. படம்: இணையம் என்று போட்டிருக்கிறோமே. ஆனால் வண்ணம் ஏற்றியது நாங்கள், பகிரும்போது எங்கள் முத்திரையை வெட்டிவிடாதீர்கள்.' தேதிக்கு ஆதாரம் கேட்டேன். 'பெரியவர்கள் சொன்னது.' எந்தப் பெரியவர் என்று கேட்டதும் என்னை விலக்கிவிட்டார்கள்.

கோபத்தில் அன்றே எழுத உட்கார்ந்தேன். நல்லவேளை, எழுதுவதற்கு முன் என் பழைய பதிவைத் தேடி எடுத்துப் பார்த்தேன். 2019இல் அந்தப் படத்தை முதலில் முகநூலில் ஏற்றியவன் நான்தான். முன்பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்து, 'ஐயாவின் பெட்டியிலிருந்து' என்று இரண்டு சொல் எழுதி விட்டிருக்கிறேன். ஊர் இல்லை, வருடம் இல்லை, எடுத்தவர் பெயரும் இல்லை. ஒரு படி புளி வாங்கினால்கூட யாரிடம், என்றைக்கு என்று சிட்டையில் குறித்துவைத்த மனிதரின் பேரன் நான். பின்பக்கத்தை நான் வெட்டினேன், அவர்கள் வெற்றிடத்தை நிரப்பினார்கள்.

உரிமைக் கதை இன்னும் சங்கடம். (ஒரு சிறு எரிச்சலை இங்கேயே சொல்லிவிடுகிறேன். முகநூலில் எல்லாவற்றுக்கும் 'காப்புரிமை' என்று எழுதுகிறார்கள். கண்டுபிடிப்புக்குக் கிடைப்பது காப்புரிமை. எழுத்துக்கும் படத்துக்கும் உள்ளது பதிப்புரிமை.) நம் 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, கூலி கொடுத்து எடுக்கச் சொன்னதாகவோ வேலையின் பகுதியாகவோ இல்லாவிட்டால், புகைப்படத்தின் முதல் உரிமையாளர் அதை எடுத்தவர். எங்கும் பதிவு செய்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. என் கையில் இருப்பது காகிதம் மட்டும். புத்தகம் வாங்கியவர் அதை அச்சடித்து விற்க முடியாதல்லவா, அதே கணக்கு. பங்கு என்றால் என்ன என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரே வீட்டில் இருபது முப்பது புள்ளிக்குப் பங்கு வைத்துக்கொண்டு, கூடத்துச் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்பதற்கே வழக்கு நடத்தியவர்கள் நாங்கள். ஆனாலும் ஐயாவின் பெட்டியில் இருந்ததாலேயே படம் என்னுடையது என்று இத்தனை வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

'பழைய படம் பொதுச்சொத்து' என்ற வாதமும் நிற்காது. 2012 திருத்தத்துக்குப் பிறகு புகைப்படத்துக்குரிய 60 ஆண்டு, எடுத்தவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்துதான் ஓடத் தொடங்குகிறது. எடுத்த நாள் கணக்கில் வராது. கறுப்பு வெள்ளையாக இருப்பதாலேயே எதுவும் ஊர்ப்பொதுவாகிவிடாது. இன்னொன்றும் உண்டு. தன் படைப்பைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் உரிமை, மற்ற உரிமைகளை விற்றுவிட்ட பிறகும் படைப்பாளியிடமே இருக்கிறது. அதே திருத்தத்துக்குப் பிறகு, ஒரு படைப்போடு இணைந்த உரிமை விவரத்தைத் தெரிந்தே அனுமதியின்றி நீக்குவதும் தண்டனைக்குரிய குற்றம். 'நன்றி: இணையம்', 'நன்றி: கூகுள்' என்று எழுதுகிறவர்கள் ஏதோ மரியாதை செய்துவிட்டதாக நினைக்கிறார்கள். திருடிய சைக்கிளில் 'நன்றி: பஸ் நிலையம்' என்று எழுதி ஒட்டுவது போல இருக்கிறது.

படம் போகட்டும். அளவுகளின் கதை இதைவிட மோசம்.

காரைக்குடியில் என் அண்ணன் மகன் ஒரு பழைய வீட்டு விடுதிக்காக வத்தை என்னும் பாய்மரப் படகின் மாதிரி செய்ய ஒப்புக்கொண்டான். மூன்றடி நீளம், இடித்த வீட்டிலிருந்து வந்த பர்மாத் தேக்கில். (எந்த வீட்டை இடித்தார்கள் என்று கேட்காமல் இருக்கப் பழகிவிட்டேன்.) இணையத்திலிருந்து ஒரு வரைபடத்தை இறக்கி ஆசாரியிடம் கொடுத்திருக்கிறான். நீளம் 12, அகலம் 9 என்று இருந்தது. ஆசாரி கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, 'தம்பி, இது படகா, பரிசலா?' என்று கேட்டாராம். நீளம் மீட்டரிலும் அகலம் அடியிலும் இருந்திருக்கிறது. பாதி எண்ணை மட்டும் மாற்றிய யாரோ ஒருவர் அலகுகளை அழித்துவிட்டார். பன்னிரண்டு மீட்டர் என்றால் 39 அடி. முப்பத்தொன்பதுக்கு ஒன்பது என்றால் ஒல்லியான, ஓடக்கூடிய படகு. பன்னிரண்டுக்கு ஒன்பது என்றால் ஒகேனக்கல்லில் சவாரி போகலாம்.

நான் தேடியபோது அதே 12க்கு 9 ஏழு பக்கங்களில் இருந்தது. ஏழு பேரும் சொல்கிறார்களே என்று அண்ணன் மகன் வாதாடினான். ஏழு பேரும் ஒருவரையே பார்த்து எழுதினால் அது ஒரே சாட்சிதான், அந்தச் சாட்சியும் அலகைத் தொலைத்த சாட்சி. ஏழு பக்கத்திலும் 'பலகை' என்பது 'பலைக' என்றே இருந்ததைக் காட்டிய பிறகுதான் அவன் வாய் அடங்கியது.

இதில் யாரும் சட்டத்தை மீறவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். படகின் நீளமும் அகலமும் தகவல்கள், தகவலுக்குப் பதிப்புரிமை கிடையாது. கருத்துக்கும் வரலாற்று உண்மைக்கும் பதிப்புரிமை இல்லை, அவற்றை ஒருவர் வெளிப்படுத்திய விதத்துக்குத்தான் உண்டு என்று 1978இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வரைபடம் வரைந்தவருக்குச் சொந்தம், 39 என்ற எண் எல்லாருக்கும் சொந்தம். வத்தையின் வடிவமோ பாக் நீரிணைக் கரையில் தலைமுறை தலைமுறையாகப் படகு கட்டியவர்களுடையது. காற்று தள்ளும்போது குறுக்கே நீட்டிய பலகையில் ஆள் ஏறி நின்று படகைச் சமன்செய்யும் அந்த உத்திக்கு எந்தப் பக்கமும் முத்திரை குத்த முடியாது. ஆக, தப்பான எண்ணை எடுத்துப் பரப்பவும் சட்டம் தடையில்லை. அந்த எண்ணை யார், எங்கே, எந்தப் படகில் அளந்தார்கள் என்ற ஒரு வரிதான் நம்மைக் காப்பாற்றும். முதலில் வெட்டப்படுவதும் அந்த வரிதான்.

பாய்மரப் படகில் இந்த வரி இல்லாமல் எந்த எண்ணுக்கும் பொருள் இல்லை. 'நீளம் 36 அடி' என்றால் எந்த நீளம்? முனையிலிருந்து முனைவரை உள்ள மொத்த நீளமா, தண்ணீரைத் தொடும் கோட்டின் நீளமா? முகப்பில் கொம்பு போல நீட்டிக்கொண்டிருக்கும் மரத்தையும் சேர்த்தா, சேர்க்காமலா? சாதாரணக் கனத்த படகு அடையக்கூடிய வேகத்துக்குக் கடலோடிகளிடம் ஒரு பழைய கணக்கு உண்டு. நீர்க்கோட்டு நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் எத்தனை நாட் (மணிக்கு எத்தனை கடல் மைல்) என்று வரும். நீர்க்கோடு 25 அடி என்றால் 6.7 நாட். அதே படகின் மொத்த நீளம் 36 அடி என்று தெரியாமல் போட்டால் 8 நாட்டைத் தாண்டிவிடும். காகிதத்தில் படகு வேகமாக ஓடும், கடலில் அது பொழுது சாய்ந்த பிறகுதான் கரை சேரும்.

'டன்' இன்னும் பெரிய ஏமாற்று. 'நூறு டன் தோணி' என்று கூசாமல் எழுதுகிறார்கள். தோணியின் எடையா, அது ஏற்றும் சரக்கின் எடையா? பழைய கப்பல் பதிவேட்டில் வரும் டன் எடையே இல்லை, 100 கன அடி கொண்ட கொள்ளளவு. மூன்றும் மூன்று வேறு எண்கள். மூன்றையும் ஒரே பட்டியலில் போட்டு, எது பெரிய தோணி என்று வாக்கெடுப்பு நடத்துகிறார்கள்.

நம் ஊர்ப் பெருமைக் கதைகளில் இது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு 'அன்னபூரணி'யைப் பாருங்கள். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய பாய்மரக் கப்பல். அமெரிக்கக் கடலோடி வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் அதை வாங்கிப் 'புளோரன்ஸ் சி. ராபின்சன்' என்று பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறைக்காரர்கள் ஓட்டிப்போக, 1938இல் மாசச்சூசெட்சின் குளோஸ்டர் துறையை அடைந்தது. இவ்வளவே ஒரு காவியத்துக்குப் போதும். ஆனால் நம்மவர்களுக்குப் போதவில்லை. அது ஒரு செட்டியாருக்காகக் கட்டப்பட்டது என்ற வரியைப் பிடித்துக்கொண்டு, 'செட்டிநாட்டுக் கப்பல் அமெரிக்கா போனது' என்று எழுதிவிட்டார்கள். அந்த வரிக்குக் கப்பல் பதிவேட்டையோ கடிதத்தையோ எந்தப் பக்கமாவது காட்டுகிறதா என்று தேடினேன். ஒன்றை ஒன்று காட்டிக்கொண்டு வட்டமாக நிற்கின்றன. கட்டிய கைகளையும் ஓட்டிய கைகளையும் ஓரமாகத் தள்ளிவிட்டு, பணம் கொடுத்தவரை மட்டும் தலைப்பில் வைப்பது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. எங்கள் ஆட்களுக்குக் கோபம் வரும், வரட்டும்.

உண்மையில் நம் வீடுகளில் கடல் பயண நினைவு என்றால் பெரும்பாலும் நீராவிக் கப்பல்தான். 1926இல் கட்டிய 'ரஜூலா' பெயரைச் சொன்னால் அப்பத்தாமார் முகம் மாறும். கல்கத்தாவுக்கும் பர்மாவுக்கும் இடையே நீராவிக் கப்பல் விட 1856இலேயே கம்பெனி தொடங்கியாயிற்று. வ.உ.சி.யின் காலியாவும் லாவோவும்கூட நீராவிக் கப்பல்களே, அவற்றுக்கும் பாய்மரப் படம் போடுகிறார்கள். புகைபோக்கியில் அழகில்லை போலும். இப்போது செயற்கை நுண்ணறிவு வரைந்த கப்பல்கள் வேறு. பாய் கிழக்கே புடைத்திருக்கும், கொடி மேற்கே பறக்கும், கயிறு எதிலும் கட்டப்படாமல் வானத்தில் முடியும்.

வேறு விதமாகவும் செய்ய முடியும் என்பதற்கு நூறு வருடத்துக்கு முந்தைய ஆள் ஒருவர் இருக்கிறார். சென்னை மாகாண மீன்வளத் துறையில் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி 1920இல் விரிவாக எழுதினார். அவருடைய முடிவுகள் சிலவற்றை ஏற்க முடியாது, ஆனால் எந்தக் கரையில் எந்த வகைப் படகைப் பார்த்தார் என்பது எழுத்தில் இருக்கிறது. அதனால்தான் அவரை மறுக்கவும் முடிகிறது. அவர் இறந்தது 1949. வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டும் என்ற நம் கணக்குப்படி 2009 முடிவோடு உரிமைக்காலமும் தீர்ந்தது. எடுத்துப் போட யாரும் தடுக்காத இந்தச் சரக்கை விட்டுவிட்டு முத்திரை குத்திய பொய்யை ஏன் பகிர்கிறோம்?

2025 மே மாதம் கார்வாரில் கடற்படையில் சேர்ந்த 'கௌண்டின்யா'வை நினைத்துக்கொள்கிறேன். அஜந்தாவின் ஐந்தாம் நூற்றாண்டு ஓவியத்தை வைத்துப் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய கப்பல். ஓவியத்தில் அளவு ஏது? ஆகவே சென்னை ஐஐடியில் மாதிரியைத் தண்ணீரில் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் கட்டினார்கள். அதில் ஏறிக் கடலுக்குப் போக வேண்டியவர்கள் 'பெரியவர்கள் சொன்னது' என்று விட்டுவிட முடியாதே.

நேற்று அந்தப் படத்தை மறுபடி ஸ்கேன் செய்தேன், இந்த முறை இரண்டு பக்கமும். கறையையும் மடிப்பையும் துடைக்கவில்லை, வண்ணம் ஏற்றவில்லை. முதல் கருத்தில் பின்பக்கத்தை மட்டும் இணைத்திருக்கிறேன். 'படம் எடுத்துக் கொடுத்தவர்' என்பதை அடுத்து வரும் பெயரின் கடைசி எழுத்து 'ஸ்' போலத் தெரிகிறது. தூத்துக்குடி நண்பர்கள் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். 1962இல் துறைமுகத்தில் காமிராவோடு திரிந்தவர் உங்கள் வீட்டுப் பெரியவராக இருந்தால் உள்பெட்டியில் எழுதுங்கள். படத்தை எடுத்துவிடச் சொன்னால் எடுத்துவிடுகிறேன். வைத்திருக்கலாம் என்றால், அவர் பெயரை எப்படி எழுத வேண்டும் என்று சொல்லுங்கள்.