டோனல் மக்கேனின் அளவுகோல் மேடையே
ஐரிஷ் நடிகர் டோனல் மக்கேனின் பெயர் நிலைப்பது ஜான் ஹூஸ்டன் இயக்கிய 'தி டெட்' (1987) படத்தால் மட்டுமே என்று அவரைப் பற்றிய கட்டுரையில் கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. அப்படத்தில், மனைவி உறங்கிவிட்ட பிறகு சன்னலுக்கு வெளியே பொழியும் பனியைப் பார்த்து நிற்கும் அவரது முகம் எத்தனை முறை கண்டாலும் அலுக்காது என்பது உண்மைதான். ஆனால் அந்த அடக்கமான நடிப்பு டப்ளின் அபே அரங்கில் நடித்துப் பழகிக் கைவந்தது. அங்கேதான் 1980இல் பிரையன் ஃப்ரீலின் 'ஃபெய்த் ஹீலர்' நாடகத்தின் முதலிலும் முடிவிலும் வரும் நீண்ட தனிமொழிகளை, துணைக்கு வேறு நடிகர் எவருமின்றி, அவர் தாங்கி நின்றார். எல்லாவற்றுக்கும் மேலாக, செபாஸ்டியன் பாரியின் 'தி ஸ்டூவர்ட் ஆஃப் கிறிஸ்டன்டம்' (1995) நாடகத்தில், அழுக்கேறிய நீள உள்ளாடையுடன் காப்பக அறையில் அடைபட்டுப் பழையதைப் பிதற்றும் முன்னாள் காவல் அதிகாரி தாமஸ் டன்னாக அவர் நடித்ததை ஒரு வரியில்கூடக் குறிப்பிடாமல், 1999இல் 56 வயதில் மறைந்த அக்கலைஞரை ஒரே படத்தைக் கொண்டு எடைபோடுவது பெரும் அநீதி.