களை என்று பிடுங்கிப் போட்டோம்

குடியிருப்புக்குப் பின்னால் சும்மா கிடந்த இடத்தில் எல்லோரும் சேர்ந்து மூலிகைத் தோட்டம் போட்டோம். வாட்ஸ்அப் குழு, நர்சரிச் செடிகள், அழகான பெயர்ப்பலகைகள், எல்லாம் ஜோர். மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை குனிந்து களையும் எடுத்து முடித்தோம். அந்தப் பக்கம் வந்த பாட்டி ஒருவர் குவியலைப் பார்த்துவிட்டு, "ஏன் கண்ணு, மருந்தையெல்லாம் பிடுங்கிப் போட்டுட்டு எதுக்குத் தண்ணி ஊத்துறீங்க?" என்றார். குவியலில் பாதி கீழாநெல்லி.

ஒரு கொத்தை எடுத்துத் திருப்பிக் காட்டினார். இலைகளுக்கு அடியில் கடுகுபோல் காய்கள் வரிசையாகத் தொங்கின. அப்புறம் இன்னொரு கொத்து. பார்க்க அதேதான். ஆனால் தண்டில் சிவப்பு ஓடியிருந்தது, காய் காம்பே இல்லாததுபோல் ஒட்டிக்கொண்டிருந்தது, விரலுக்குச் சொரசொரப்பாக இருந்தது. "இது வேற," என்று தள்ளி வைத்தார். எங்கள் பலகையில் பெயரும் 'கல்லீரலுக்கு நல்லது' என்ற ஒரு வரியும்தான் இருந்தன.

செடிகள் எங்கும் போய்விடவில்லை, அழைக்காமலே முளைக்கின்றன. திருப்பிப் பார்க்கத் தெரிந்தவர்கள்தான் குறைந்துபோனார்கள். சமூகத் தோட்டம் அவர்களை மண்ணில் கொண்டுவந்து உட்காரவைக்கும் இடமாக இருந்தால் எனக்குச் சம்மதம். இல்லையென்றால் அது பூங்கா, அவ்வளவுதான்.

பக்குவம் என்று ஒரு சொல் இருக்கிறதே, அதில்தான் பாதி மருத்துவம். நான்காம் நூற்றாண்டுச் சீன மருத்துவர் கெ ஹொங், காய்ச்சலுக்கு ஒரு கைப்பிடி சிங்ஹாவ் செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொன்னார். கொதிக்கவைக்கச் சொல்லவில்லை. பிற்காலத்தில் அதைப் படித்த சீன விஞ்ஞானி து யூயூ, சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று சந்தேகப்பட்டு, குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும் ஈதரைக் கொண்டு சாரத்தைப் பிரித்தார். மலேரியாவுக்கு ஆர்ட்டிமிசினின் அப்படித்தான் கிடைத்தது, 2015இல் அவருக்கு நோபலும். செடியின் பெயரை மட்டும் பலகையில் எழுதிவைத்திருந்தால் இது நடந்திருக்காது.

அதற்காக எல்லாவற்றையும் அப்படியே நம்பச் சொல்லவில்லை. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸைக் கீழாநெல்லி போக்குகிறது என்று 1988இல் லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. பிறகு நடந்த பல சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடல் மெலிவதற்கான மாத்திரையில் ஒரு சீன மூலிகைக்குப் பதில், பெயரில் அதைப்போலவே ஒலிக்கும் வேறொன்று கலந்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. கலந்தது, நம்மூர் மூலிகையான ஆடுதீண்டாப்பாளையின் குடும்பம். 'பக்கவிளைவே இல்லாத இயற்கை மருத்துவம்' என்று ஃபார்வர்டு செய்கிறவர்கள் அந்தக் கதையை ஒருமுறை படிக்கலாம். எதை, யாருக்கு, எப்போது கொடுக்கக் கூடாது என்பதும் பாட்டிகளுக்குத் தெரிந்த விஷயம்தான். அதை யாரும் கேட்பதில்லை.

இன்னொன்று, அறிவு யாருடையது என்பது. 1987இல் அகத்தியமலைப் பகுதிக்குப் போன ஆய்வாளர்கள், வழிகாட்டிகளான காணிப் பழங்குடியினர் களைப்பே இல்லாமல் நடப்பதைக் கவனித்தார்கள். ஆரோக்கியப்பச்சை என்ற செடியின் காயை அவர்கள் மென்றுகொண்டிருந்தார்கள். அதிலிருந்து 'ஜீவனி' என்ற களைப்பு போக்கும் மருந்து வந்தது. உரிமக் கட்டணத்திலும் ராயல்டியிலும் பாதி காணிகளுக்கு என்று ஏற்பாடானது. குறைகள் உண்டு, ஆனாலும் கேட்டார்கள், கொடுத்தார்கள். நாமோ வீடியோ எடுத்து அன்று மாலையே போட்டுவிடுகிறோம்.

இப்போது ஒரு பாத்தியை எதுவும் நடாமல் அப்படியே விட்டிருக்கிறோம். வாரம் ஒருநாள் பாட்டி வருகிறார். பிள்ளைகள் கொத்தைத் திருப்பிக் காட்ட வேண்டும், தப்பாகச் சொன்னால் திட்டு விழும். ஒரே ஒரு செடிக்கு மட்டும் போனை அணைக்கச் சொன்னார். அணைத்தோம். அதற்குப் பலகையும் வைக்கவில்லை.